திருநீறு பூசின கண்ணாடி

பெங்களூர்ல நான் என்ன வேலை பாக்கறேன்னு ஊர்ல சொல்லிப் புரியவைக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடும். "கார் கண்ணாடி மேல ஏறும் இல்லையா, அதுக்கு நடுவுல கம்பியை வெச்சு நசுக்குதான்னு பாக்கணும்"னு ஒரு தடவை சித்திகிட்ட சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "இதுக்கா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சே?"ன்னு கேட்டாங்க. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. எனக்குக் கோவம் வர்றதுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம், அது வேற விஷயம்.

அப்போ இரண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்துச்சு. பெங்களூர் ரோட்டுல ஓடின கார்ல முக்கால்வாசிக்குக் கைப்பிடியைச் சுத்தித்தான் கண்ணாடி ஏத்துவாங்க. பட்டனைத் தொட்டா ஏறும்னா அது பெரிய வீட்டு வண்டி. ஊர் எல்லையில ஹெப்பகோடியில ஒரு ஷெட்டுல, கண்ணாடி ஏத்தற மோட்டாரும், அந்த மோட்டாருக்குப் புத்தி சொல்ற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் செஞ்சு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விக்கப் பாத்துக்கிட்டிருந்தோம். வாங்கறவங்க நாட்டுல இதுக்குன்னே சட்டம் இருந்துச்சு. சாவி போடாத வண்டியில கண்ணாடி ஏறக்கூடாது. குழந்தை சீட்டுல முட்டி போட்டு எட்டிப் பாக்கும்போது முட்டி பட்டு ஏறிடற மாதிரி பட்டன் இருக்கக்கூடாது. எல்லாத்தையும்விட முக்கியம், ஒரு தட்டுத் தட்டிட்டுக் கையை எடுத்தாலும் தானா ஏறற கண்ணாடின்னா, நடுவுல எது மாட்டினாலும் பத்துக் கிலோ அழுத்தம் வர்றதுக்குள்ள அது நின்னு கீழ இறங்கிடணும். கூரையில திறக்கற கண்ணாடிக்கும் இதே சட்டம்தான்.

எது மாட்டினாலும்னா எது? அதுக்குத்தான் நானும் என் கம்பிகளும். சுண்டுவிரலைவிட மெல்லிசுல ஆரம்பிச்சு தலை பருமன் வரைக்கும், மேல மெத்துன்னு ரப்பர் சுத்தி, வரிசையா வெச்சிருப்பேன். ஒவ்வொண்ணையும் கண்ணாடிக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவுல வெச்சு, பட்டனைத் தட்டிட்டு, எத்தனை கிலோவுக்கு அழுத்துச்சுன்னு கேஜ்ல பாக்கணும். அதுல நடுத்தரமா ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு நாங்க வெச்ச பேரு கழுத்துக் கம்பி. ஒரு நாலு வயசுக் குழந்தையோட கழுத்து அந்தப் பருமன்தான் இருக்கும். அதைக் கையில எடுக்கறப்ப எல்லாம் எனக்கு என்னவோ மாதிரி இருக்கும், ஆனாலும் தினமும் எடுப்பேன்.

எங்க மேனேஜர் தருமபுரிக்காரரு, சந்தாபுராவுல வீடு கட்டிக்கிட்டு வந்தவரு. நல்ல மனுஷன். சோதனைக்குன்னு தனியா கார் வாங்கக் கம்பெனிக்கு வக்கில்லன்னு தன்னோட சொந்தக் காரையே குடுத்திருந்தாரு. பின்பக்க இடது கதவுல மட்டும் எங்க மோட்டாரையும் பெட்டியையும் மாட்டி, பட்டனை முன்னாடி டிரைவர் சீட்டுகிட்ட வெச்சிருந்தோம். மத்த மூணு கதவும் பழையபடி கைப்பிடிதான். தினமும் ஸ்கூல் விடற நேரத்துக்கு அதே வண்டியை எடுத்துட்டுப் போய், மகளைக் கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டுட்டு, ஷெட்டுக்குத் திரும்புவாரு. பொண்ணுக்கு நாலு வயசு. லீவு நாள்ல ஷெட்டுக்கு வந்தா என்னைக் "கம்பி அக்கா, கம்பி அக்கா"ன்னு சுத்திச் சுத்தி வரும். கார்ல அந்த இடது பக்க சீட்டைத் தவிர வேற எதுலயும் உக்காராது, ஏன்னா அந்தக் கண்ணாடிதான் தானா ஏறும். பாதி இறக்கின கண்ணாடி மேல தாடையை வெச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டே போறதுன்னா அதுக்கு உசுரு. எங்களுக்கும் பயம் கிடையாது. நானே எத்தனையோ தடவை என் கையை வெச்சுப் பாத்திருக்கேன். பட்டதும் பதறிக்கிட்டுக் கீழ இறங்கிடும்.

ஷெட்டுல இன்னொருத்தன், கோலார் பக்கம் கே.ஜி.எஃப். பையன். பெட்டிக்குள்ள இருக்கற புரோகிராம் எழுதறது அவன் வேலை. தமிழ்ல ஆரம்பிச்சு கன்னடத்துல முடிப்பான். என் வாய்க்குப் பயந்து என்னை "தாயி"ன்னு கூப்பிடுவான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மேனேஜரு ஒரு குறையும் வைக்கல. வாசல்ல வாழைக்கன்னு, எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம், ஸ்பேனர் ஸ்குரூடிரைவருக்குக்கூடப் பொட்டு. என் கம்பிகளையும் வரிசையா அடுக்கி ஆளுக்கொரு பூ வெச்சாரு. கடைசியில காருக்கு வந்தாரு. மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, எங்க மோட்டார் இருக்கற கதவுக்குன்னு தனியா ஒரு மரியாதை பண்ணணும்னு, ஒரு கிண்ணம் நிறைய திருநீறைத் தண்ணியில குழைச்சு, கண்ணாடியில இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் மூணு பட்டை இழுத்தாரு. வெளிப்பக்கம் மட்டுமில்ல, உள்பக்கமும். நடுவுல குங்குமம். பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. பூசணிக்காயை உடைச்சாங்க, பொரிகடலை சாப்பிட்டோம், வீட்டுக்குப் போனோம்.

விஜயதசமி முடிஞ்ச மறுநாள் வேலைக்கு வந்தா, கண்ணாடி மக்கர் பண்ணுது. கம்பியே வைக்கல. சும்மா பட்டனைத் தட்டினேன். பாதி தூரம் முனகிக்கிட்டு ஏறிச்சு, நின்னுச்சு, என்னவோ மாட்டிக்கிட்ட மாதிரி இறங்கிடுச்சு. மறுபடி தட்டினேன், மறுபடி அதே. அதுக்கு அடுத்த நாள்தான் வெளிநாட்டுக் கம்பெனியிலேர்ந்து சோதனை பண்ண ஆள் வர்றாரு. அவரு சரின்னு சொன்னாத்தான் ஆர்டர், இல்லன்னா ஷெட்டுக்குப் பூட்டு. மேனேஜரு முகத்துல ஈயாடல.

கதவு ஓரத்துல கண்ணாடி ஓடறதுக்கு ஒரு பள்ளம் இருக்கும், அதுல மெத்துமெத்துன்னு ஒரு பீடிங் ஒட்டியிருக்கும். அதுல விரலை விட்டு இழுத்தேன். விரல்ல திருநீறு அப்பிக்கிச்சு. பூஜை அன்னிக்கு ராத்திரியும் அடுத்த நாளும் கண்ணாடி ஏறி இறங்கினதுல, பட்டையோட ரெண்டு ஓரமும் பீடிங்குக்குள்ள அரைபட்டு, கெட்டியா அடைச்சுக்கிட்டிருந்துச்சு. அதுவும் கீழ்ப்பாதியில மட்டும். மேல்பாதி புதுசாட்டம் சுத்தமா இருந்துச்சு. கண்ணாடி கீழ்ப்பாதியில திணறுது, பெட்டி அதைப் பாத்துட்டு "ஐயோ, என்னவோ மாட்டிக்கிச்சு"ன்னு இறக்கி விடுது. பெட்டி மேல ஒரு தப்பும் இல்ல.

"அப்பாடா, இவ்வளவுதானா"ன்னு சந்தோஷமா ஓடினேன். "சார், திருநீறுதான் சார். பீடிங்கைக் கழட்டிக் கழுவிக் காயவெச்சா இன்னிக்குள்ள ரெடி ஆயிடும்."

"பட்டையை அழிக்கச் சொல்றியா?"

"அழிக்க இல்ல சார், துடைக்க."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. போன வருஷம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

மறக்கல. போன வருஷம் ஒருத்தன் பூஜைக்கு மறுநாள் மிஷின் மேல இருந்த குங்குமத்தைத் தின்னர் போட்டுத் துடைச்சான். அந்த வாரமே ஒரு ஆர்டர் கையை விட்டுப் போச்சு. அதுலேர்ந்து, பூஜைக்கு வெச்சது தானா உதிர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு ஷெட்டுல ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. எனக்கும் சாமி உண்டு, நானும் நெத்தியில இட்டுக்கிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். ஆனா கார் ஜன்னலுக்குள்ள சாமியை அடைச்சு வெப்பாங்களா?

மேனேஜரு வேற வழி சொன்னாரு. பெட்டிக்குள்ள ஒரு நம்பர் இருக்கு. எவ்வளவு திணறினா திரும்பணும்ங்கற நம்பர். அதை ஏத்தி வெச்சுட்டா, கண்ணாடி அந்தத் திணறலைப் பொருட்படுத்தாம மேல போயிடும்.

"ஒரே ஒரு நாளைக்குத்தாம்மா. அவரு வந்து பாத்துட்டுப் போயிடட்டும். அப்புறமா பழைய நம்பரைப் போட்டுக்கலாம். நீ நாளைக்குக் கம்பியைக் கீழ்ப்பாதியில மட்டும் வை. அங்க பாதி பலத்தை அடைச்ச பீடிங்கே தின்னுடும், கேஜ்ல பத்துக்குள்ளதான் காட்டும்."

"மேல்பாதியில?"

"மேல்பாதியில வைக்காதேன்னு சொல்றேன்ல."

"மேல்பாதியில பலத்தைத் தின்றதுக்குத் திருநீறு இல்ல சார், பீடிங் சுத்தமா இருக்கு. ஏத்தி வெச்ச பலம் மொத்தமும் மாட்டினது மேலதான் இறங்கும்."

"அதெல்லாம் கொஞ்சம் அழுத்தும், அவ்வளவுதான். நீ ஏன் எதுக்கெடுத்தாலும் குதிக்கறே?"

குதிச்சேன்தான். ஷெட்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினேன். "சட்டம் என்ன வெள்ளக்காரனுக்குக் காட்டறதுக்குப் போட்ட கோலமா? அவன் போனதும் அழிச்சுக்கலாம்னு?"ன்னு கேட்டேன். அவரு தன் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. கே.ஜி.எஃப். பையன் என்னைப் பாக்காம லேப்டாப்பைக் காரோட இணைச்சான்.

"எவ்வளவு ஏத்தறே?"ன்னு கேட்டேன்.

"கொஞ்சம் ஏத்திப் பாத்தேன் தாயி, பாதியைத் தாண்டல. இன்னும் ஏத்தினேன். இப்பத் தாண்டுது." அவன் குரலே சரியில்ல. "அவரு சொல்றாரு, நான் என்ன மாடோது?"

நான் என்ன பண்றதுன்னு கேக்கறான். அவன் டீ குடிக்கப் போனதும் கழுத்துக் கம்பியை எடுத்தேன். மேல்பாதியில, சட்டத்துக்குக் கொஞ்சம் கீழ வெச்சு, பட்டனைத் தட்டினேன். பாதிக்கு மேல கண்ணாடி வழுக்கிக்கிட்டு ஓடிச்சு. கம்பியில மோதிச்சு. கேஜ்ல முள்ளு பத்தைத் தாண்டிச்சு, இருபதைத் தாண்டிச்சு. நிக்கும் நிக்கும்னு பாக்கறேன், முப்பதுக்கு மேல போய்த்தான் நின்னுச்சு. கம்பி மேல சுத்தின ரப்பர்ல ஒரு பள்ளம் விழுந்திருந்துச்சு.

கம்பியைக் கையில எடுத்துக்கிட்டு அவரு ரூமுக்கு ஓடினேன். இந்தப் பள்ளத்தைக் கண்ணால பாத்தா மனுஷன் மாறிடுவாருன்னு நினைச்சேன். ரூம்ல ஆள் இல்ல. பாத்ரூம் பக்கம் போய்க் கூப்பிட்டேன், இல்ல. நான் அந்தப் பக்கம் சுத்திட்டு வர்றதுக்குள்ள, இந்தப் பக்கம் கார் ஸ்டார்ட் ஆகற சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்து பாத்தா கார் கேட்டைத் தாண்டிப் போகுது. எங்க போறாருன்னு எனக்குச் சட்டுனு உறைக்கல. வாட்ச்மேன்தான் சொன்னாரு, "ஸ்கூல் விடற டைமாச்சும்மா, பாப்பாவைக் கூட்டிட்டு வரப் போறாரு."

அந்தக் கார்ல, அந்தக் கதவுல, ஏத்தி வெச்ச நம்பர் அப்படியே இருக்கு. அந்தக் குழந்தை அந்த ஜன்னலைத் தவிர வேற எங்கயும் உக்காராது. பாதி இறக்கின கண்ணாடி மேல தாடையை வெச்சுக்கும். அதுக்கு மேல இருக்கறது மொத்தமும் மேல்பாதிதான்.

ஆபீஸ் போன்லேர்ந்து அவரு மொபைலுக்கு அடிச்சேன். ரெண்டு ரிங் போச்சு, கட் பண்ணிட்டாரு. மறுபடி அடிச்சேன், மறுபடி கட். நான் சண்டையைத் தொடரத்தான் கூப்பிடறேன்னு நினைச்சிருக்காரு, வேற என்ன நினைப்பாரு? கே.ஜி.எஃப். பையன் தன் மொபைல்லேர்ந்து அடிச்சான். அதையும் எடுக்கல, நான் சொல்லித்தான் அவன் கூப்பிடறான்னு தெரியாதா என்ன. மெசேஜ் அனுப்பினான். வண்டி ஓட்டறவரு எங்க பாக்கப் போறாரு. அவரு வீட்டு போன் நம்பர் எங்க யாருகிட்டயும் இல்ல.

"வண்டியை எடுடா"ன்னேன்.

அவன் பைக்ல பின்னாடி உக்காந்து ஓசூர் ரோட்டுக்கு வந்தோம். வந்ததும் ஷிஃப்ட் பஸ்ஸுங்க வரிசை கட்டி நிக்குது. கம்பெனி கம்பெனியா ஆளுங்களை இறக்கி ஏத்திக்கிட்டு, ரோட்டை அடைச்சுக்கிட்டு, ஒண்ணும் நகரல. அவன் பிளாட்பாரத்துல ஏத்தினான், மண்ணுல இறக்கினான், ஒரு டேங்கர் லாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல புகுந்தான். என் முட்டி சுவத்துல உரசி சுடிதார் கிழிஞ்சுது. "மெதுவா போடா"ன்னு ஒரு வார்த்தை என் வாயில வரல. "போ, போ"ன்னு அவன் முதுகைக் குத்திக்கிட்டே இருந்தேன்.

ஸ்கூல் வாசலுக்குப் போனப்ப பாதி கூட்டம் கலைஞ்சிருந்துச்சு. ஆயாம்மாகிட்டக் கேட்டேன். "இப்பத்தான் அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு, முன்னாடி போய்க்கிட்டிருக்காங்க"ன்னு கையைக் காட்டினாங்க. திரும்பினோம். சந்தாபுரா சர்க்கிள் வர்றதுக்கு முன்னாடி வண்டிங்க மொத்தமா நின்னுக்கிட்டிருந்துச்சு. தூரத்துல கார் தெரிஞ்சுது. காய்ஞ்சு போன சாமந்தி மாலையோட நுனி இன்னும் பக்கவாட்டுல தொங்கிக்கிட்டிருந்துச்சு. இடது பக்க ஜன்னல்ல ரெட்டைப் பின்னல் போட்ட தலை வெளிய நீட்டிக்கிட்டிருக்கு.

பைக்லேர்ந்து குதிச்சு ஓடினேன். லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல புகுந்து, "சார்! சார்! கண்ணாடி!"ன்னு கத்தறேன். அந்த ஹாரன் சத்தத்துல எனக்கே என் குரல் கேக்கல. ஒரு ஆட்டோக்காரன் பிரேக் அடிச்சு, "ஏனம்மா, சாயபேகா?"ன்னு திட்டினான். சாகணுமான்னு கேக்கறான். பாதி தூரம் வந்திருப்பேன், ஜல்லி லாரி ஒண்ணு எனக்கும் காருக்கும் குறுக்க வந்து, காது கிழியற மாதிரி ஹாரன் அடிச்சுக்கிட்டு, தூசியைக் கிளப்பிட்டுப் போச்சு. கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பாத்தா, அந்த ஜன்னல் முழுசா மூடியிருக்கு.

தலை உள்ள போயிடுச்சா? போகறதுக்குள்ள ஏறிச்சா? கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தாரு, உள்ள ஒண்ணும் தெரியல. மூணு பட்டைதான் வெள்ளையா தெரிஞ்சுது. அதுக்குள்ள போலீஸ்காரரு கையை ஆட்டி வண்டிங்களை விட்டுட்டாரு. கார் போயிடுச்சு. நான் நடு ரோட்டுல நின்னேன். வாய்க்கு வந்த சாமி பேரெல்லாம் சொன்னேன், வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையும் சொன்னேன்.

மறுபடி பைக்ல ஏறி அவரு தெருவுக்குள்ள திரும்பினோம். கார் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. முன் கதவு திறந்து மேனேஜரு இறங்கினாரு. சுத்தி வந்து பின் கதவைத் திறந்தாரு. ஒரு நொடி ஒண்ணும் இல்ல. அப்புறம் உள்ளயிருந்து முதல்ல ஒரு வாட்டர் பாட்டில் வந்துச்சு, அதுக்குப் பின்னாடி அந்தப் பொண்ணு குதிச்சு இறங்கிச்சு. என்னைப் பாத்ததும், "ஐ, கம்பி அக்கா!"ன்னு கத்திச்சு.

அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். அழுகை வந்துச்சு. அழுகை முடியறதுக்குள்ள கோவம் வந்துடுச்சு.

"வீடு வரைக்கும் வந்துட்டியா சண்டை போட?"ன்னு கேட்டாரு மேனேஜரு. சத்தம் கேட்டு அவரு சம்சாரம் ஈரக் கையோட வெளிய வந்தாங்க. "வாம்மா, உள்ள வா. ஏங்க, என்ன ஆச்சு, ஏன் இந்தப் பொண்ணு இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் விஷயம். நம்பரைக் கொஞ்சம் ஏத்தினதுக்கு ஊரைக் கூட்டறா."

"கொஞ்சமா?"ன்னு எழுந்தேன். "கொஞ்சம்னா எவ்வளவு சார்? நீங்க பாத்தீங்களா? கம்பியில பள்ளம் விழுந்திருக்கு."

"கொஞ்சம் அழுத்தும்னு நானே சொன்னேனே..."

"அப்ப உங்க கையை வைங்க."

அவரு சிரிச்சாரு. பொண்டாட்டி முன்னாடி, ஜூனியர் பையன் முன்னாடி, வேற என்ன பண்ணுவாரு. சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு, "இந்தா, வெச்சேன், போதுமா?"ன்னு சாவியை எங்கிட்ட குடுத்து, கண்ணாடியைப் பாதிக்கு இறக்கச் சொல்லி, மணிக்கட்டை மேல் சட்டத்துக்கிட்ட வெச்சாரு. முன் சீட்டுல உக்காந்திருந்த நான் பட்டனை ஒரு தட்டுத் தட்டிட்டுக் கையை எடுத்துட்டேன்.

கண்ணாடி சரசரன்னு ஏறிச்சு. அவரு கை மேல பட்டுச்சு. பட்டும் நிக்கல. அவரு சிரிப்பு போச்சு. "ஏய்"ன்னாரு. அப்புறம், "அம்மா!"ன்னு ஒரு அலறல். தெருவுல போனவங்க நின்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான், சாவகாசமா, அது நின்னு இறங்கிச்சு. கையை வெளிய எடுத்தாரு. மணிக்கட்டுல குறுக்க ஒரு கோடு, முதல்ல வெள்ளையா இருந்துச்சு, பாத்துக்கிட்டிருக்கும்போதே சிவந்து தடிச்சுது. விரலை மடக்கப் பாத்தாரு, மடங்கல.

"உங்களுக்கு அது எலும்பு சார். அவளுக்குக் கழுத்து"ன்னு சொன்னேன்.

அந்தக் குழந்தை மட்டும் கைதட்டிச் சிரிச்சுது. அப்பா எங்ககூட ஏதோ விளையாடறாருன்னு நினைச்சுடுச்சு. "எனக்கு, இப்ப எனக்கு!"ன்னு ஓடி வந்து, எம்பி, கண்ணாடி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு, தன் கையை அதே இடத்துல உள்ள நீட்டிச்சு. "அழுத்துங்க அக்கா!" பட்டன் என் விரலுக்குக் கீழதான் இருந்துச்சு. நெருப்பைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கிட்டு சாவியைப் பிடுங்கினேன். அதுக்குள்ள அவங்க அம்மா பாய்ஞ்சு வந்து குழந்தையை அள்ளி இடுப்புல வெச்சுக்கிட்டாங்க.

அவங்க கண்ணாடியைப் பாத்தாங்க, புருஷனோட கையைப் பாத்தாங்க. ரொம்ப மெதுவாக் கேட்டாங்க. "ஏங்க, இப்ப ஸ்கூல்லேர்ந்து வரும்போது இந்தக் கண்ணாடியை ஏத்தினீங்களா?"

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"கேக்கறேன்ல. ஏத்தினீங்களா?"

"ஏத்தினேன். சர்க்கிள்கிட்ட. லாரி தூசியைக் கிளப்பிச்சுன்னு."

"இவ தலை உள்ள இருக்கான்னு பாத்தீங்களா?"

"பாக்கல"ன்னாரு. "தானா நின்னுடும்னு ஒரு... தினமும் பாக்காமத்தானே ஏத்துவேன். நம்பரை மாத்தினது அப்ப ஞாபகத்துலயே இல்ல."

"நான் உள்ள வந்துட்டேம்மா"ன்னு இடுப்புலேர்ந்து குழந்தை சொல்லிச்சு. "லாரி பாம்ம்ம்னு அடிச்சுச்சா, பயந்துட்டேன். காதைப் பொத்திக்கிட்டுக் கீழ குனிஞ்சுட்டேன்." ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக் காட்டிச்சு.

மேனேஜரு வாசப்படியில உக்காந்துட்டாரு. என்னைப் பாக்காம சொன்னாரு. "வண்டியை எடுத்துட்டுப் போங்க ரெண்டு பேரும். பழைய நம்பரைப் போட்டுடு. பீடிங்கைக் கழட்டிக் கழுவு, பட்டையும் வேண்டாம், எல்லாத்தையும் துடைச்சுடு. நாளைக்கு ஃபெயில் ஆனா ஆயிட்டுப் போகட்டும்." அவரு சம்சாரம் உள்ள போய் மஞ்சப்பத்து கொண்டு வந்து ஒத்தைக் கையாலயே அவரு மணிக்கட்டுல போட்டுவிட்டாங்க. எங்களுக்குத் தண்ணி கொண்டு வந்து குடுத்ததும் ஒத்தைக் கையாலதான். "இறக்கி விடும்மா, விளையாடணும்"னு குழந்தை நெளிஞ்சுது, காலை உதைச்சுது, கடைசியில அழவே ஆரம்பிச்சுடுச்சு. நாங்க காரை எடுத்துக்கிட்டுத் தெருமுனை திரும்பற வரைக்கும் அவங்க குழந்தையைக் கீழ இறக்கவே இல்ல.